சவரிமுத்துவின் குட்டி ஜோடிகள்

சவரிமுத்து எதையும் விட்டுக்கொடுக்கத் தயங்காத மனிதன். சின்ன வயதில் பெங்களூரில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. மெஸ் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று விட்டுவிட்டு வந்தான். அதியமான்கோட்டையில் தையல் கற்றுக்கொண்டான். காஜா எடுப்பதோடு படிப்பு முடிந்தது. அப்பன் நிலத்தைப் பாகம் பிரித்தபோது ரோட்டை ஒட்டிய துண்டு இவனுக்கு வரவேண்டியது. சித்தப்பா மகன் பிலவேந்திரன், "அண்ணே, அந்த மூலை எனக்குத்தான் ராசின்னு ஜோசியன் சொன்னான்" என்று தலையைச் சொறிந்தான். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவனுக்கு ஜோசியன் ஏது என்றுகூடக் கேட்காமல் அதையும் விட்டுக்கொடுத்தான்.

இப்படி வாழ்க்கையில் கிடைத்த நல்லதையெல்லாம் கை நழுவ விட்டவன், சீட்டாட்டத்தில் ரெண்டு ரெண்டாகவோ மூணு மூணாகவோ ஒரு ஜோடி கையில் வந்துவிட்டால் மட்டும் விடமாட்டான். தலைக்கு மேல் கூரை எரிந்தாலும் விடமாட்டான். மனிதனுக்கு ஒரு கொள்கையாவது வேண்டும் அல்லவா?

அவன் மனைவி ஞானமேரி கல்யாணத்துக்கு முன்பு கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்தவள். புண்ணைக் கழுவவும், புரண்டு படுக்க முடியாதவரைப் புரட்டிப் போடவும், வாய் ஓயாமல் புலம்புகிறவரிடம் "சரி சரி" என்று சொல்லிக்கொண்டே வேலையை முடிக்கவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். சவரிமுத்துவோடு குடும்பம் நடத்த இந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது. சீட்டு விஷயத்தை அவள் ஒரு வியாதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சாராயம் இல்லை, பீடி இல்லை, கத்தரிப்பூ நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு டவுனில் சுற்றவில்லை. சீட்டுதானே, போகட்டும் என்று விட்டிருந்தாள்.

எண்பத்தேழாம் வருடக் கோடையில்தான் அது போகாத வியாதி என்று தெரிந்தது.

மழை ஏமாற்றியிருந்தது. மேகம் வத்தல்மலை மேல் வந்து உட்காரும், கீழே காய்ந்து கிடக்கும் எங்களை எண்ணிப் பார்க்கிறமாதிரி பார்க்கும், எழுந்து போய்விடும். கிணற்றில் ஊற்று சுண்டிவிட்டது. அந்தக் கிணறு நாலு பேருக்குப் பொது: சவரிமுத்து, பிலவேந்திரன், பக்கத்துக் காட்டுக்காரன் மாது, இவர்களுக்குச் சித்தப்பா முறையான இன்னாசி. ஆளுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரன் மோட்டார் போட்டால் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும், அப்புறம் காற்றுதான் வரும். நாலு நாளைக்கு ஒருமுறை கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை நம்பி ஞானமேரி தக்காளி நட்டிருந்தாள். செடி பூவும் பிஞ்சுமாக நின்றது. ஒரு முறை தப்பினால் வாடும். மறுமுறையும் தப்பினால் பூ முழுக்கக் கொட்டிவிடும். கொட்டிய பூவை எடுத்து ஒட்ட வைக்க எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லித்தருவதில்லை.

தண்ணீர் இருந்தாலும் கரண்டு வேண்டும். மோட்டார் ஓடுவதற்கான மூணு பேஸ் கரண்டு பகலில் ஏதோ ஒரு நேரத்தில் வரும். எந்த நேரம் என்பது மின்சாரத்துக்கே தெரியாது. அதனால் முறைக்காரன் மோட்டார் கொட்டாயில் காத்துக் கிடக்க வேண்டும். கொட்டாயில் ஒரு பல்பு தொங்கும். அது பளிச்சென்று எரிந்தால் கரண்டு வந்ததாக அர்த்தம். ஒருவன் மட்டும் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்ற கருணையில் மற்ற மூவரும் துணைக்கு வந்து உட்காருவார்கள். நாலு ஆண்கள், ஒரு பல்பு, ஒரு கட்டுச் சீட்டு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முதலில் ஆடியது மூணு சீட்டு. அதில் ஆளுக்கு மூன்றே சீட்டு. ஜோடி சேர்வது அபூர்வம், சேர்ந்தால் பெரும்பாலும் ஜெயம். அதனால் அந்தக் கொட்டாயில் ஒரு வழக்கம் உண்டு: ஜோடி வந்தவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகக் கூடாது. கவிழ்த்தால் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை பொண்ணைச் சோறு போடாமல் அனுப்பின பாவம் என்பார்கள். சவரிமுத்து இன்னும் ஒரு படி மேலே போவான். "சாமியாரு கோயில்ல சேர்த்து வெச்ச ஜோடிய நாம பிரிக்கலாமாடா?" என்பான். இஸ்பேட் மூணுக்கும் கிளாவர் மூணுக்கும் எந்தச் சாமியார் கல்யாணம் செய்து வைத்தார் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் இன்னாசி கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். முப்பது வருடம் கப்பலில் சமையல்காரர். திரும்பி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ரேடியோ, அமெரிக்கக்காரன் ஒருவனிடம் கற்ற ஒரு சீட்டாட்டம் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். பெட்டியும் ரேடியோவும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

அந்தக் கப்பல் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. அதை வைத்தே முதல் பந்தயம். பிறகு நடுவில் மூன்று சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரியும். அப்புறம் ஒன்று, கடைசியாக இன்னொன்று. கைச் சீட்டும் நடுச் சீட்டும் சேர்ந்து யாருக்குப் பெரிய சேர்க்கை அமைகிறதோ அவனுக்குக் குவியல். விரிய விரியப் பந்தயம். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: முதல் இரண்டு சுற்றில் இரண்டு இரண்டு கொட்டைதான் போடலாம், ஏற்றினாலும் இரண்டுதான் ஏற்றலாம், கடைசி இரண்டு சுற்றில் நாலு நாலு. சவரிமுத்துவுக்கு இந்தக் கட்டுப்பாடு ரொம்பப் பிடித்தது. "அளவோட போற ஆட்டம். யாரும் ஒரே அடியில அழிஞ்சிட மாட்டான்" என்று சர்டிபிகேட் கொடுத்தான். உண்மைதான். ஒரே அடியில் அழியமாட்டான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக ஏறுவதைப்போல இதில் சொட்டுச் சொட்டாக இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெறும் கொட்டைக்கு ஆடினால் விறுவிறுப்பு இல்லை என்று பிலவேந்திரன்தான் அந்த யோசனையைச் சொன்னான். காலையில் ஆளுக்கு நாற்பது கொட்டை. பல்பு எரிந்ததும் ஆட்டம் நிற்கும். அந்த நேரத்தில் கையில் ஒரு கொட்டைகூட இல்லாதவன், தன் அடுத்த தண்ணீர் முறையை அதிகக் கொட்டை வைத்திருப்பவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். காலையில் உட்கார்ந்தவன் பல்பு எரியும்வரை ஆட்டத்தை விட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. வேடிக்கை பார்க்கிறவர் வாய் திறக்கக் கூடாது. நாலு பேரும் மாதா மேலும் மாரியாத்தா மேலும் சத்தியம் செய்தார்கள்.

இதெல்லாம் ஞானமேரிக்குத் தெரியாது. அன்றைக்குத் தங்கள் முறை என்று மண்வெட்டியோடு காட்டுக்குப் போனவள், வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று பிலவேந்திரன் கரும்புக்குப் பாய்வதைப் பார்த்தாள்.

"பிலவேந்திரா, கண்ணு தெரியலயா? இன்னைக்கு எங்க மொற."

"மொற உங்களதுதான் அண்ணி. தண்ணி என்னுது." அவன் மடையை மிதித்து இறுக்கிக்கொண்டே சிரித்தான். "அண்ணன் ஒண்ணும் சொல்லலீங்களா? நாலு நாலு ஜோடிய வெச்சிக்கிட்டு ராஜா ஜோடியோட சண்டைக்கு நின்னாரு. வீரம்னா அது வீரம்."

வாடி நின்ற தக்காளியை ஒருமுறை பார்த்துவிட்டு ஞானமேரி வீட்டுக்கு வந்தாள். சவரிமுத்து களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, தண்ணிய சீட்டுல வுட்டுட்டீங்களாமே."

"வுடல. போயிருக்குது. வரும்."

"எப்ப வரும்? செடி செத்தப்புறம் கருமாதிக்கு வருமா?"

"உனக்கு ஆட்டம் புரியாது மேரி. என் கையில ஜோடி இருந்துச்சி. கையிலயே ஜோடி! மத்தவனுங்க கையில வெறும் ஒத்தச் சீட்டு. நடுவுல இன்னொரு நாலு வுழுந்திருந்தா மூணு நாலு ஆயிருக்கும். அப்ப பிலவேந்திரன் கரும்பு எங்க நின்னிருக்கும்?"

"இப்ப எங்க நிக்குது?"

சவரிமுத்து களியில் கவனத்தைத் திருப்பினான்.

வைத்தியம் பார்க்கும் முன்பு வியாதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞானமேரி மறுநாள் ஒரு முறம் வேர்க்கடலையோடு மோட்டார் கொட்டாய்க்குப் போய், ஓரமாக உட்கார்ந்து தோல் உரித்தாள். பார்த்தாள். அன்று சவரிமுத்துவுக்கு இரண்டு முறை குட்டி ஜோடி வந்தது. இரண்டு முறையும் மற்றவர்கள் ஏற்ற ஏற்ற இவனும் போட்டான். நடுவில் ஜாக்கி, ராணி, ராஜா என்று அரண்மனையே வந்து விழுந்தது. இவன் அஞ்சு அஞ்சைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கொட்டை போட்டான். எதிரில் இருந்தவன் ஒரு ராணியைக் காட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டான். அன்று மாதுவும் தோற்றுக்கொண்டிருந்தான், அதற்குள் பல்பும் எரிந்துவிட்டதால் சவரிமுத்து மூன்று கொட்டையோடு தப்பித்தான். அதை வெற்றி என்று வீடுவரை சொல்லிக்கொண்டே வந்தான்.

இடையில் அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஞானமேரி இன்னாசியிடம் கேட்டாள்.

"மாமா, கையில ஜோடி வந்தா நல்லதா, கெட்டதா?"

"பெரிய ஜோடி நல்லதும்மா. ராஜா, ராணி இதெல்லாம். குட்டி ஜோடின்றது கோழி முட்டையாட்டம். குஞ்சு பொரிச்சாத்தான் கோழி. நடுவுல மூணு சீட்டு விரியறப்ப அதே நம்பரு இன்னொண்ணு வுழறது எட்டு தடவைக்கு ஒரு தடவைதான். கூட்டமா எல்லாரும் ரெண்டு ரெண்டு போட்டு உள்ள வர்றாங்களா, நீயும் ரெண்டு போட்டு எட்டிப் பாரு. வுழுந்தா அத்தனை பேரு கொட்டையும் உனக்கு. வுழலையா, கவுத்துட்டுப் போய்க்கிட்டே இரு. ஆரம்பத்துலயே ஒருத்தன் ஏத்தி, இன்னொருத்தன் மேல ஏத்தினான்னா, பாக்கவே பாக்காத. அப்பவே கவுத்துடு. அவ்வளவுதான்."

"இத அவருகிட்ட சொன்னீங்களா?"

"மொத நாளே சொன்னேன். சாமியாரு சேர்த்து வெச்ச ஜோடின்னான். நான் கப்பல்ல சமைச்சவன். சாமியாருகூட எல்லாம் சண்டைக்குப் போக மாட்டேன்."

பிலவேந்திரன் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னான்: "சித்தப்பா, எங்கண்ணன் திருந்திட்டா என் கரும்புக்கு யாரு தண்ணி வுடுவாங்க? நீங்க வேற."

அடுத்த முறைக்கு முந்தின நாள் வந்தது. மறுநாள் தக்காளிக்குத் தண்ணீர் பாய வேண்டிய நாள். ஏற்கெனவே ஒன்று தப்பிவிட்டது. இலை சுருண்டு, பூக்காம்பு மஞ்சளாகி நின்றது. ஞானமேரி காலையில் ஒரு செடியை லேசாக ஆட்டிப் பார்த்தாள். நாலைந்து பூ கையோடு வந்தது. இன்று சவரிமுத்து கொட்டை முழுக்கத் தொலைத்தால் நாளைய தண்ணீர் போய்விடும், அதோடு செடியும் போய்விடும்.

"இன்னைக்கு ஆட்டத்துக்குப் போவாதீங்க" என்றாள்.

"சத்தியம் பண்ணியிருக்கேன் மேரி. போவலன்னா பயந்துட்டேன்னு மொறய எடுத்துக்குவானுங்க."

"அப்ப போங்க. குட்டி ஜோடி வந்தா கவுத்துடுங்க."

"பாக்கலாம்" என்றான். நோயாளி 'பாக்கலாம்' என்றால் மாத்திரையைத் துப்பப்போகிறான் என்று பொருள். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மதியம் தாண்டியும் பல்பு எரியவில்லை. சவரிமுத்துவிடம் பன்னிரண்டு கொட்டைதான் மிச்சம். ஞானமேரி அவனுக்குப் பின்னால் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சட்டப்படி அவள் வாய் திறக்கக் கூடாது; திறந்தால் அவன் ஆட்டம் செல்லாது என்று பிலவேந்திரன் காலையிலேயே இரண்டு முறை ஞாபகப்படுத்தியிருந்தான்.

பிலவேந்திரன் சீட்டுப் போட்டான். ஒவ்வொரு ஆட்டத்திலும் முறை மாற்றி இரண்டு பேர், ஒருவர் ஒன்றும் அடுத்தவர் இரண்டுமாக, சீட்டைப் பார்க்காமலே கொட்டை வைக்க வேண்டும். அந்த முறை இன்னாசி ஒன்றும் சவரிமுத்து இரண்டும் வைத்தார்கள். மிச்சம் பத்து. சவரிமுத்து தன் இரண்டு சீட்டை ஓரம் தூக்கிப் பார்த்தான். இஸ்பேட் மூணு. கிளாவர் மூணு. அவன் பின்கழுத்து நிமிர்ந்ததைப் பார்த்தே ஞானமேரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காய்ச்சல் ஏறுவதைத் தெரிந்துகொள்ள எப்போதும் தெர்மாமீட்டர் தேவைப்படுவதில்லை.

மாது வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஏற்றினான். அவன் சும்மா ஏற்றுகிறவன் அல்ல. பிலவேந்திரன், "எனக்கு வேணாம்டா சாமி" என்று கவிழ்த்தான். இன்னாசி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதற்கும் மேல் ஏற்றினார். அவர் இரண்டாவதாக ஏற்றினால் கையில் ராஜா ராணிப் படம் இருக்கிறது என்று கொட்டாய்க்குள் வந்து போகும் பல்லிக்குக்கூடத் தெரியும்.

"சவரி, இருக்கணும்னா ரெண்டு ஏத்தலுக்கும் சேத்து நாலு கொட்டை" என்றார் இன்னாசி.

நாலு போட்டால் மிச்சம் ஆறு. மாது திரும்ப ஏற்றினால் நாலு. நடுவில் சீட்டு விரிந்தால் அதுவும் கரையும். பல்பு எரியும்போது கை காலி. இந்தக் கணக்கைப் போட்டது ஞானமேரி. சவரிமுத்து கணக்குப் போடவில்லை. அவன் இடது கையில் சீட்டை மார்போடு அணைத்து, வலது கையால் நாலு கொட்டையைப் பொறுக்கினான்.

"எண்ணி வுடுங்க அண்ணே, பயப்படாதீங்க" என்றான் பிலவேந்திரன். "ஜோடி மாதிரி தெரியுது மூஞ்சி. ஜோடிய வுட்டா பாவம்."

ஆஸ்பத்திரியில் சில நோயாளிகள் மூக்குக் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு பிடுங்கப் பார்ப்பார்கள். அவர்களிடம் சண்டை போட்டால் குழாய் பிய்ந்து வரும். கட்டைவிரல் அடியில் ஓர் இடத்தில் அழுத்தினால் கை தானாகத் திறந்துகொள்ளும். ஞானமேரி முறத்தைக் கீழே வைத்தாள். குனிந்து, அவன் இடது கையைப் பிடித்து, அந்த இடத்தில் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"ஆஆ!" என்றான் சவரிமுத்து. விரல் விரிந்தது. இரண்டு மூணும் தரையில், கடலைத் தோலுக்கு நடுவில், முகம் காட்டி விழுந்தன.



"இதெல்லாம் செல்லாது!" என்று பிலவேந்திரன் எழுந்துவிட்டான். "அண்ணி நடுவுல பூந்துட்டாங்க!"

"பேசக் கூடாதுன்னுதானடா சட்டம்?" என்றான் மாது. "அக்கா வாயத் தொறக்கலயே."

இன்னாசி கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் பார்த்தார். "கப்பல்லயும் இதான் மொற. கீழ வுழுந்து மொகம் காட்டின சீட்டு செத்த சீட்டு. சவரி கவுத்தாச்சி. மேல போவலாம்."

"நான் கவுக்கல சித்தப்பா! என்னைக் கவுத்துட்டா!"

"ரெண்டும் ஒண்ணுதான்."

மாது போட வேண்டியதைப் போட்டான். பிலவேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து நடுவில் மூன்று சீட்டை விரித்தான். ஆர்ட்டின் ஒன்பது. கிளாவர் ஆறு. டைமன் மூணு.

சவரிமுத்து போட்ட சத்தத்தில் கிணற்று மேட்டில் மேய்ந்த ஆடு ஓடிவிட்டது. எட்டுக்கு ஒரு தடவை வருவது, அந்தத் தடவைதான் வந்திருந்தது. கடைசியில் இன்னாசி ராணி ஜோடியைக் காட்டினார். மாது ஆஸும் ராஜாவும் வைத்திருந்தான். இரண்டையும் மூணு மூணு மூணு அடித்து நொறுக்கியிருக்கும். குவியலைப் பார்க்கவே சவரிமுத்துவுக்குக் கண் கலங்கியது.

"பாத்தியாடி? பாத்தியா? மூணாவது மூணு! அத்தனையும் என்னுது!"

ஞானமேரியும் அந்தக் குவியலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள், மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்தைத் துப்பிய நோயாளி ஒருவன் பிழைத்துக்கொண்டான் என்பதற்காக, வார்டு முழுக்க மருந்தைத் துப்பச் சொல்ல முடியாது. அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுத்த கடலையை உடைத்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். சவரிமுத்துவுக்கு ஆட்டமே வெறுத்துப்போனது. சீட்டு வந்தால் தொடக்கூட மாட்டேன் என்றான். "எனக்கு எதுக்குச் சீட்டு? என் சீட்டைத்தான் என் பொண்டாட்டி ஆடுறாளே" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். வைக்க வேண்டிய கட்டாயக் கொட்டையை மட்டும் வைத்தான், பார்க்காமலே கவிழ்த்தான், மறுபடி அந்த மூணாவது மூணைப் பற்றிப் பேசினான். கோபித்துக்கொண்டு அவன் ஆடியதுதான் அவன் ஆயுளிலேயே ஒழுங்காக ஆடிய ஆட்டம். பத்து ஒன்பதானது, ஏழானது, ஆறானது. இடையில் பிலவேந்திரன், "அண்ணே, ஒரு தடவ பாருங்க, ஜோடியா இருக்கப் போவுது" என்று தேனொழுகக் கெஞ்சினான்.

"போடா. நீயே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்றான் சவரிமுத்து.

நாலு கொட்டை மிச்சமிருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தது.

அன்று முறைக்காரனான மாது மோட்டாரைப் போட எழுந்தான். போகிறபோது, "அக்கா, நாளைக்குத் தண்ணி உங்களுது" என்றான். பிலவேந்திரன் சவரிமுத்துவின் முன்னால் கிடந்த நாலு கொட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். எத்தனை முறை பார்த்தாலும் அது நாலாகவே இருந்தது.

மறுநாள் கரண்டு கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. ஞானமேரி ஸ்டார்ட்டரைத் தட்டிவிட்டு வந்தபோது சவரிமுத்து மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் நுரையும் சருகுமாக வந்து முதல் பாத்தியில் ஏறியது. வெடித்துக் கிடந்த மண் அதை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டைமன் மூணு, மேரி" என்றான் சவரிமுத்து. ராத்திரி முழுக்கத் தூங்காத கண். "முன்னாடி ஒம்போது, அப்புறம் ஆறு, அப்புறம் டைமன் மூணு. இந்தக் கண்ணால பாத்தேன். நீ மட்டும் கைய வெக்காம இருந்திருந்தா நமக்கு இந்த வாரம் ரெண்டு மொறத் தண்ணி."

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க? நீ பண்ணது தப்புன்னு ஒத்துக்க."

"அந்த மூணு வுழாம வேற எதுனா வுழுந்திருந்தா?"

"வுழுந்துச்சே!"

 இந்த மாதிரி நோயாளிக்கு முழுச் சுகம் என்பது கிடையாது. நேரத்துக்குச் சாப்பாடு, கண்காணிப்பு, கைக்கு எட்டாத இடத்தில் சீட்டு, அவ்வளவுதான் செய்யலாம். முதல் பாத்தி நிரம்பி வழியப் பார்த்தது. இரண்டாவது பாத்தியில் செடிகள் இன்னும் தலை தொங்கி நின்றன.

"அந்த மடையத் தொறங்க" என்றாள் ஞானமேரி.

"எட்டுக்கு ஒரு தடவன்னு சித்தப்பா சொல்றாரு. அந்த ஒரு தடவ எனக்கு வந்துச்சி. எனக்கு! அத என் கையிலருந்து..."

"பேசிக்கிட்டே வெட்டுங்க. பேசினா மம்பட்டி ஒண்ணும் கோவிச்சிக்காது."

அவன் பேசிக்கொண்டே வெட்டினான். தண்ணீர் திரும்பியது.